மூன்று நாள் லீவும் முக்கோணப் பயணமும்

வருஷத்துக்கு ஏழெட்டு தடவையாவது எனக்கு இந்த போன் வரும். ஊரிலிருந்து யாராவது டெல்லிக்கு வருகிறார்கள். ஒரு கல்யாணம், பையனைக் காலேஜில் சேர்ப்பது, மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்க்க வருவது, ஆபீஸ் டிரெயினிங் என்று ஏதாவது ஒரு வேலை. வந்த வேலை முடிந்த பிறகு, திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் மூன்று நாள் சும்மா இருக்கும். "நீ அங்கேயே பதினேழு வருஷமா இருக்கியே, மூணு நாள்ல எங்கே போயிட்டு வரலாம், சொல்லு" என்பார்கள்.

கேட்கும்போதே பதிலும் அவர்களிடம் தயாராக இருக்கும். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், திரும்ப டெல்லி. இதற்கு 'கோல்டன் டிரையாங்கிள்' என்று ஒரு பெயர் வேறு. வண்டிக்காரர் போன் நம்பர் மட்டும் என்னிடம் எதிர்பார்ப்பார்கள். நான் "அது வேண்டாமே" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் ஒரு அமைதி. இவன் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது இங்கே கேட்கும். :-)

அதனால் நான் சொல்ல நினைப்பதை ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

முதலில் கணக்கு. டெல்லியிலிருந்து ஆக்ரா சுமார் 230 கிலோமீட்டர். ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் சுமார் 240. ஜெய்ப்பூரிலிருந்து டெல்லி சுமார் 270. மொத்தம் 740. சென்னையிலிருந்து கன்னியாகுமரியே ஏறக்குறைய 700 கிலோமீட்டர்தான். ஊரில் யாராவது எழுபது வயது அப்பாவை மூன்று நாளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை காரில் கூட்டிப்போய், நடுவில் மதுரையையும் திருச்சியையும் 'பார்த்துவிட்டு' வருகிறேன் என்றால் நாம் என்ன சொல்வோம்? "உனக்கென்ன பைத்தியமா?" என்போம். ஆனால் வடக்கே வந்துவிட்டால் அதே கணக்கு நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஊர்ப் பெயர்கள் புதிது, தூரம் மனதில் பதியவில்லை.

ரோடு நன்றாக இருக்கிறது என்பது உண்மை. 2012-ல் யமுனா எக்ஸ்பிரஸ்வே திறந்த பிறகு கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ராவுக்கு 165 கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் டெல்லிக்குள்ளிருந்து அந்த ரோட்டைப் போய்த் தொடுவதற்கே ஒரு மணி நேரம். ஆக்ராவுக்குள் நுழைந்த பிறகு இன்னொரு முக்கால் மணி. சாப்பாடு, டீ, பாத்ரூம் எல்லாம் சேர்த்தால் மூன்று பக்கத்துக்கும் பதினைந்து மணி நேரம் காரிலேயே போய்விடும். முழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் இரண்டு ஹோட்டலில் பெட்டியைத் திறந்து மூட வேண்டும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம் ஒன்று. மயூர் விஹாரில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெரியவர்கள் இப்படித்தான் போய்வந்தார்கள். வந்ததும் மாமியிடம் தாஜ்மஹால் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நன்னாத்தான் இருந்தது. ஆனா அந்த மார்பிள் கடையிலதான் ரொம்ப நேரம் உட்கார வெச்சுட்டான்" என்றார். விசாரித்ததில், தாஜுக்குள் இருந்தது முக்கால் மணி நேரம். கல் பதித்த மேஜையும் தட்டும் விற்கும் கடையில் இருந்தது ஒன்றரை மணி நேரம். அடுத்த நாள் ஜெய்ப்பூரில் போர்வைக் கடை, பிறகு ஒரு நகைக் கல் கடை. ஹவா மஹாலை காரிலிருந்து இறங்காமலே பார்த்தார்களாம். டிரைவர் நல்ல மனிதர்தான், அவருக்குக் கடைக்காரர்கள் கமிஷன் தருகிறார்கள், அவ்வளவுதான். கூட்டிப்போவது அவருடைய பிழைப்பு. ஆனால் அந்த மூன்று நாள் மாமியுடையது இல்லையா?

இந்த முக்கோணம் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சரிப்படும் பயணம். ஆறு நாள், ஏழு நாள் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிதானமாகப் போய்வருவது. அதையே மூன்று நாளில் அமுக்கி நமக்கு விற்கிறார்கள், நாமும் வாங்கிக்கொள்கிறோம். இருபத்தைந்து வயதுப் பையன்கள் நாலு பேர் போவதாக இருந்தால் தாராளமாகப் போகட்டும். அவர்களுக்கு காரில் போவதே ஒரு கொண்டாட்டம். நான் சொல்வது பெரியவர்களோடு போகிறவர்களுக்கு.

இதற்கு எப்போதும் வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. இனிமே எப்போ வரப்போறாங்க? ஒரேயடியா எல்லாத்தையும் காட்டிடலாமே." என் அக்கா கோயம்புத்தூரிலிருந்து போனில் என்னிடம் சண்டை போட்டதும் இதை வைத்துத்தான்.

2019 பிப்ரவரியில் அப்பாவும் அம்மாவும் டெல்லிக்கு வந்திருந்தார்கள். அப்பா கும்பகோணம் பக்கம் ரெவின்யூ டிபார்ட்மென்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி. எனக்கு லீவு கிடைத்தது மூன்று நாள். ஓர்ச்சாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் அக்கா, "அது எந்த ஊருடா? ஜெய்ப்பூர் அரண்மனையைக் காட்டாம, பேர் தெரியாத ஊருக்குக் கூட்டிட்டுப் போறியே. இது அவங்களுக்குக் கடைசி டூர் மாதிரி. எல்லாத்தையும் காட்டி அனுப்புடா" என்றாள். அக்கா சொன்ன காரணத்தில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து அவள் வந்து சேர்ந்த முடிவில்தான் மறுப்பு. இன்னொரு தடவை வர மாட்டார்கள் என்றால், அவர்களை ஓடவைத்து நாலு இடம் காட்டுவதைவிட, ஒரு இடத்தில் உட்காரவைப்பதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

1. நாளை எண்ணாதீர்கள், ராத்திரியை எண்ணுங்கள். மூன்று நாள் என்பது இரண்டு ராத்திரி. இரண்டு ராத்திரியும் ஒரே கட்டிலில் படுக்க முடிகிற இடம்தான் நல்ல இடம். பெரியவர்களுக்குப் புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது. பாத்ரூம் எந்தப் பக்கம், சுவிட்ச் எங்கே என்பது பழகவே ஒரு நாள் ஆகும். பழகின ராத்திரியில் ஊரை மாற்றாதீர்கள்.

2. கிழமையையும் மாதத்தையும் பாருங்கள். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லி செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை ஆக்ராவில் இறங்கி முழித்தவர்களை எனக்குத் தெரியும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய வடக்கே பனிமூட்டம். ரயில் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தாமதம் என்பதெல்லாம் சாதாரணம். எக்ஸ்பிரஸ்வேயில் பத்தடி தூரத்தில் வண்டி தெரியாது. நம் ஊரில் அரைப்பரீட்சை லீவும் பொங்கல் லீவும் சரியாக அப்போதுதான் வரும். மே, ஜூனில் ஆக்ரா, குவாலியர் பக்கம் 45 டிகிரியைத் தொடும். பள்ளிக்கூட லீவு அப்போதுதான் என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை, ஆனால் பெரியவர்கள் மட்டும் வருவதாக இருந்தால் அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச்சில் வரச்சொல்லுங்கள்.

3. யார் நடக்கப்போகிறார்கள்? கோட்டை என்றாலே ஏற்றமும் படியும்தான். தாஜ்மஹாலிலும் வண்டி வாசல் வரை போகாது. அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு பேட்டரி வண்டியில் ஏறவேண்டும், உள்ளே தோட்டம் முழுக்க நடை. எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றில்லை. ஆனால் நடக்க முடியாதவர் வெளியே உட்கார்ந்தாலும் அவருக்கு ஏதாவது கண்ணில் படுகிற மாதிரி இடமாக இருக்க வேண்டும்.

4. ரயிலில் போகமுடியுமா என்று பாருங்கள். பகல் ரயிலில் பெரியவர்கள் காலை நீட்டலாம், எழுந்து நடக்கலாம், பாத்ரூம் போகலாம். காரில் மூன்றும் கஷ்டம். "அடுத்த தாபாவுல நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம், பரவாயில்லை" என்று அடக்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். இதை நாம் கவனிப்பதே இல்லை.

5. ஒரு மதியமாவது ஒன்றுமே திட்டம் போடாமல் விடுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால், டெல்லியிலிருந்து தெற்கே இறங்குகிற ரயில் பாதைதான் எனக்கு முதலில் வந்து நிற்கிறது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி. இந்தப் பாதை நமக்குப் புதிதே இல்லை. டெல்லித் தமிழர்கள் எல்லாரும் வருஷத்துக்கு இரண்டு தடவை இதில்தான் ஊருக்குப் போய்வருகிறோம். ஜி.டி. எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஆக்ரா, குவாலியர், ஜான்சி மூன்றிலும் நின்றுதான் போகின்றன. ஜான்சி என்றால் நமக்குத் தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் வழியே தெரிந்த ஒரு மஞ்சள் போர்டு. "ஜான்சி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி போர்வையை இழுத்துக்கொள்வோம். (2021 கடைசியில் ஸ்டேஷன் பெயரை வீராங்கனா லக்ஷ்மிபாய் என்று மாற்றிவிட்டார்கள், டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பெயரைத் தேடுங்கள்.) ஜான்சி ராணி பெயரில் நேதாஜி வைத்த படைக்குத் தலைமை தாங்கியவர் மெட்ராஸில் பிறந்த கேப்டன் லக்ஷ்மி. அதில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலேயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள். அவ்வளவு பழக்கமான பெயர். ஆனால் அந்த ஸ்டேஷனில் இறங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்தப் பாதையில் இன்னொரு லாபம், ஊர் திரும்புகிறவர்கள் மறுபடி டெல்லிக்கு வரவே வேண்டாம். டெல்லி டிக்கெட்டிலேயே ஏறும் இடத்தை ஜான்சி என்று போட்டுக்கொள்ளலாம். 400 கிலோமீட்டர் திரும்பி வந்து, அதே 400 கிலோமீட்டரை மறுபடி ரயிலில் போவது மிச்சம். ராத்திரி வண்டி ஏறும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சில வண்டிகள் நடுச்சாமத்தில் வரும்.

பகல் ரயிலுக்கும் குறையில்லை. நாட்டின் முதல் ஷதாப்தி ஓடியதே இந்தப் பாதையில்தான், 1988-ல், டெல்லி – ஜான்சி. பிறகு போபால் வரை நீட்டினார்கள். 2016-ல் ஆக்ராவுக்கு விட்ட கதிமான் எக்ஸ்பிரஸும் பிறகு ஜான்சி வரை நீண்டது.

நாங்கள் செய்தது இதுதான். முதல் நாள் காலை ரயிலில் ஆக்ரா. பெட்டிகளை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு தாஜ்மஹால் மட்டும். ஆக்ரா கோட்டை இல்லை, ஃபதேபூர் சிக்ரி இல்லை, கடை இல்லை. தாஜ்மஹால் கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. டெல்லி வரை போய்விட்டுத் தாஜ்மஹால் பார்க்கவில்லை என்று ஊரில் போய்ச் சொல்ல முடியுமா? அம்மா உள்ளே நுழைந்ததும் அந்தப் பெரிய வாசலைத் தாண்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான் இங்கேயிருந்தே பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ" என்றாள். ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தாள். கூட்டத்தோடு கல்லறை மாடத்தில் ஏறி இறங்கிய எங்களைவிட அவள்தான் தாஜ்மஹாலை அதிகம் பார்த்தாள் என்று நினைக்கிறேன். (மாடத்துக்கு ஏற 2018 டிசம்பரிலிருந்து தனியாக 200 ரூபாய் டிக்கெட் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது மிச்சம்.)

சாயங்கால ரயிலில் ஜான்சி, சுமார் 215 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள். அங்கிருந்து பதினைந்து, பதினெட்டு கிலோமீட்டர்தான் ஓர்ச்சா. ஆட்டோவே போகும்.

ஓர்ச்சா ஒரு சின்ன ஊர். பேத்வா நதிக்கரையில் புந்தேலா ராஜாக்கள் 16-ஆம் நூற்றாண்டில் தலைநகராக வைத்திருந்த இடம். ஒரு கடைத்தெரு, ஒரு கோட்டை, கோவில்கள், ஆறு. எல்லாம் நடக்கிற தூரம். ஜான்சி உத்தரப் பிரதேசம், ஓர்ச்சா மத்தியப் பிரதேசம், நடுவில் மாநில எல்லை வந்துபோவதே தெரியாது.

அங்கே ராம ராஜா கோவில் என்று ஒன்று. ராமரை ராஜாவாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். போலீஸ்காரர் துப்பாக்கியோடு வாசலில் நின்று சுவாமிக்கு மரியாதை அணிவகுப்பு செய்கிறார். கதை இது: மதுகர் ஷா என்ற ராஜா கிருஷ்ண பக்தர், ராணி கணேஷ் குன்வரி ராம பக்தை. ராணி அயோத்திக்குப் போய் ராமர் விக்ரகத்தைக் கொண்டுவருகிறாள். முதலில் எங்கே இறக்கிவைக்கிறாயோ அங்கேயே இருந்துவிடுவேன் என்பது நிபந்தனை. ராஜா இதற்காகப் பெரிய சதுர்புஜ் கோவிலைக் கட்டுகிறார். அது முடிவதற்குள் ராணி அரண்மனையில் இறக்கிவைத்துவிடுகிறாள். பிறகு நகர்த்த முடியவில்லை. அதனால் அரண்மனையே கோவிலாகிவிட்டது. பக்கத்தில் வானத்தைத் தொடும் சதுர்புஜ் கோவில், அந்த ராமர் இல்லாமல் நிற்கிறது.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா, "இது நம்ம ஸ்ரீரங்கத்துக் கதைன்னா!" என்றார். விபீஷணன் காவேரிக் கரையில் இறக்கிவைத்துவிட்டுத் தூக்க முடியாமல் நின்ற கதை. அங்கே விக்ரகம் அயோத்தியிலிருந்து இலங்கைக்குக் கிளம்பி ஸ்ரீரங்கத்தில் நின்றது, இங்கே அயோத்தியிலிருந்து கிளம்பி ஓர்ச்சாவில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புந்தேல்கண்டு கிழவரிடம் இதைச் சொல்லச்சொல்லி என்னைப் படுத்தினார். நான் ஹிந்தியில் சொன்னேன். அந்தக் கிழவர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை, ஆனாலும் அரை மணி நேரம் பேசினார்கள்.

கோவில் மதியம் சாத்தியிருக்கும், சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்கள். உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. நல்லதுதான், எல்லாரும் கும்பிடுகிறார்கள்.

கோட்டைக்குள் ஜஹாங்கீர் மஹால். இதை வீர் சிங் தேவ் கட்டினார். இளவரசராக இருந்த சலீமுக்காக, அக்பரின் நண்பரும் அக்பர்நாமாவை எழுதியவருமான அபுல் ஃபஸலை 1602-ல் கொன்றவர் இவர். 1605-ல் சலீம் ஜஹாங்கீராகப் பட்டமேறியதும் வீர் சிங்குக்கு ஓர்ச்சா கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் தேதிகளாக மனப்பாடம் செய்த முகலாய சரித்திரம் இங்கே ஒரு கொலைக்கும் அதற்குக் கிடைத்த கூலிக்கும் சாட்சியாக நிற்கிறது. படிகள் செங்குத்து, குறுகல், பாதி இருட்டு. அம்மா முற்றத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் அப்பாவும் ஒரு மாடி ஏறினோம், அதற்கு மேல் வேண்டாம் என்று இறங்கிவிட்டோம்.

ஆற்றங்கரையில் ராஜாக்களின் நினைவு மண்டபங்கள் வரிசையாக நிற்கும். சத்ரி என்பார்கள். உச்சிகளில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டியிருக்கின்றன. நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் இந்தக் கழுகுகள் அழிந்துபோய்விட்டன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று கண்டுபிடித்து 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அப்பா சின்ன வயதில் ஊரில் பார்த்ததாம். "அம்பது வருஷமாச்சு இதைப் பாத்து" என்று கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தார். எந்த டூர் லிஸ்டிலும் இது இல்லை.

மேலே ஐந்தாவதாகச் சொன்ன மதியம் இதுதான். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மேல் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பேத்வாக் கரையில் பாறைமேல் உட்கார்ந்தோம். அம்மா நொய்டாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் மிச்சம் இருந்தது. அப்பா தன் வேலை நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு வெள்ளத்தின்போது நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தது, இவர் மறுத்தது, அதனால் ஆறு மாதத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபர் ஆனது, நான் மூன்றாவது படிக்கும்போது ஏன் வருஷ நடுவில் ஸ்கூல் மாறினேன் என்பது. எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. இது எதுவும் எனக்குத் தெரியாது. வருஷத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம், அந்தப் பத்து நாளும் சொந்தக்காரர் வீடு, கல்யாணம், பேங்க், டாக்டர் என்று ஓடிவிடும். போனில் பேசுவது "சாப்டாச்சா, மழை உண்டா" அவ்வளவுதான். வெளியூரில் வேலை பார்க்கிற நம் எல்லோர் வீட்டிலும் இதே கதைதானே? பெரியவர்களிடமிருந்து பேச்சு வரவேண்டுமானால் கொஞ்சம் வெற்று நேரம் வேண்டியிருக்கிறது. அடுத்த பாயின்டுக்கு நேரமாகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தால் அது வராது.

மூன்றாம் நாள் குவாலியர் போவதாக ஒரு யோசனை இருந்தது. அம்மா வேண்டாம் என்றாள், விட்டுவிட்டோம். ராத்திரி ஜான்சியில் சென்னை வண்டி ஏற்றிவிட்டு நான் டெல்லி திரும்பினேன்.

குவாலியருக்கு நான் பிறகு தனியாகப் போனேன். கால் நன்றாக இருப்பவர்களுக்கு அருமையான இடம். மான் சிங் தோமரின் அரண்மனைச் சுவரில் நீல ஓடுகள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. தேலி கா மந்திர் என்ற கோவிலின் உச்சி, நம் ஊர்க் கோபுரத்தின் மேல்பக்கம் மாதிரி நீளவாக்கில் வளைந்திருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். கோட்டைக்கு நடந்து ஏறும் வழியில் ஒரு சின்னச் சதுர்புஜர் கோவில், பாறையைக் குடைந்தது. உள்ளே 876-ஆம் வருஷத்துக் கல்வெட்டு. நந்தவனத்துக்கு 270 முழ நீளம், 187 முழ அகலம் நிலம், தினமும் 50 மாலை என்று தானக் கணக்கு. அந்த 270-லும் 50-லும் இருக்கும் பூஜ்யம், நாம் இன்று எழுதுகிற மாதிரியே குட்டி வட்டமாக இருக்கிறது. கணக்கு வாத்தியார் யாராவது வந்தால் அங்கே கட்டாயம் அனுப்புங்கள். கார் மேலே போவது வேறு வாசல் வழியாக, அந்த வழியில் போனால் இந்தக் கோவில் வராது.

ஓர்ச்சா மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. ஐந்து விஷயத்தில் தேறுகிற இன்னும் சில இடங்கள் உண்டு.

அமிர்தசரஸ். டெல்லியிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர், பகல் ரயிலில் ஆறு மணி நேரம். இரண்டு ராத்திரி ஒரே ஊர். பொற்கோவிலில் எந்நேரமும் சாப்பாடு, யாராக இருந்தாலும் தரையில் ஒரே வரிசை. பெரியவர்கள் குளத்தங்கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். நடந்து போகிற தூரத்தில் 1919 ஏப்ரல் 13-ன் ஜாலியன்வாலா பாக். எல்லைக் கொடியிறக்கத்துக்காகவே சிலர் போகிறார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அதைக் கொஞ்ச நாள் பொதுமக்களுக்கு நிறுத்தி, பிறகு சுருக்கமாக ஆரம்பித்தார்கள். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அதை நம்பி மட்டும் போகாதீர்கள்.

ஹரித்வார், ரிஷிகேஷ். கிட்டத்தில் இருப்பதுதான் அதன் பிரச்சினை. சனி, ஞாயிறில் டெல்லி முழுக்க அங்கேதான் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் காவடி யாத்திரை சமயம் ரோடே கிடைக்காது. திங்கள் முதல் வியாழன் வரை என்றால் போகலாம், நன்றாக இருக்கும்.

காசி. இதற்கு ஒரு தனி எச்சரிக்கை. 2019-ல் வந்தே பாரத் விட்ட பிறகு எட்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், ஒரே நாளில் காசி, மறுநாள் பிரயாகை, அடுத்த நாள் அயோத்தி என்று திட்டம் போடுகிறார்கள். காசியை மூன்று நாள் லிஸ்டில் ஒரு அயிட்டமாக்காதீர்கள். நம் ஆட்கள் காலம்காலமாக வாழ்நாள் ஆசையாக வைத்திருந்த ஊர். போவதென்றால் மூன்று நாளையும் அதற்கே கொடுங்கள். கேதார் காட், அனுமான் காட் பக்கம் தமிழ் கேட்கும், பாரதியார் சின்ன வயதில் இருந்த இடம் அது. நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அம்மாக்களுக்கு அங்கே வழிகாட்டி தேவையே இல்லை.

"செலவு பண்ணி வந்துட்டு ரெண்டு இடம்தானா பாக்கறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் என்னிடம். செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நாள் காருக்குக் கொடுப்பதில் ரயில் டிக்கெட்டும், படி ஏறாத கீழ்த்தள ரூமும், நாலு வேளை நல்ல சாப்பாடும் வந்துவிடும். எத்தனை இடம் என்பது போட்டோ ஆல்பத்துக்குத்தான் உபயோகம்.

2020-ல் கொரோனா வந்தது. பிறகு அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன், அதற்குப் பிறகு ராத்திரி ரயிலெல்லாம் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவின் முழங்காலும் முன்னைப் போல இல்லை. அவர்கள் டெல்லிக்குத் திரும்ப வரவேயில்லை, இனி வருவதும் கஷ்டம்தான். அக்கா சொன்னபடி அது கடைசி டூராகத்தான் ஆனது. அவர்கள் ஜெய்ப்பூர் பார்க்கவில்லை. அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவாள். ஆனால் போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அவளிடமே அம்மா, "ராமருக்குப் போலீஸ்காரன் சல்யூட் அடிச்சான்டி" என்று ஆரம்பித்து முழுக் கதையும் சொன்னாள். அப்பா நடுவில் புகுந்து கழுகைச் சேர்த்தார். எந்த நாள், எந்தப் பாறை, என்ன சாப்பிட்டோம் என்பது வரை இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஏழெட்டு இடம் பார்த்திருந்தால் இது இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் வடக்கே இருக்கும் நண்பர்களே, அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வரும்போது, வண்டிக்காரருக்கு போன் போடுவதற்கு முன்னால் அவர்களிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை இடம் பாக்கணும்?" என்றல்ல, "எங்கே ரெண்டு நாள் இருக்கணும்?" என்று. பாதிப் பேர் "உன்கூட இருந்தா போதும், எங்கேயும் வேண்டாம்" என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டில் உட்காரவைத்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போங்கள். பாலைவனப் பக்கம் இருப்பவர்கள் ஒரு குளத்தங்கரைக்காவது. :-)

நீங்கள் எங்கே கூட்டிப்போனீர்கள் என்று சொல்லுங்கள். என் லிஸ்டில் சேர்த்துக்கொள்கிறேன், அடுத்த போன் வருவதற்குள்.